சத்தம் இருக்கு, கதை விளங்கேல்ல

ரீவிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்று எங்கட ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே அவர்கள் மனதில் வருவது ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. அதில் நீல லைற் ஒன்று மின்னும். பக்கத்தில் நாலைந்து குட்டிப் பெட்டிகள். பாட்டுப் போட்டால் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்க்க வேண்டும். 'வூஃபர் செற்' என்று அதற்குப் பெயர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, புது வருசம் எல்லாவற்றுக்கும் அது நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் தேடினது, 79 வயது மனுசி ஒருவருக்கு நாடகத்தில் என்ன கதைக்கிறார்கள் என்று விளங்க வைக்கிற சாமான். அதைத் தேடி இரண்டு மாதம் போனது. உங்கட வீட்டிலும் ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் இது உதவக்கூடும். இல்லாவிட்டாலும், சப்ரைட்டில் இல்லாமல் படம் பார்க்க முடியாத எங்கட தலைமுறைக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

எங்கட ரீவி 43 அங்குலம், ஹோல் சுவரில் கொழுவியிருக்கிறது. அம்மம்மாவுக்குக் காது கேட்காது என்று சொல்ல முடியாது. படலை திறக்கிற சத்தம் கேட்கும். தம்பி பின்வளவால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவது கேட்கும். ரீவிக்கு முன்னால் இருந்தால் மட்டும், "சத்தம் இருக்கு பிள்ளை, கதை விளங்கேல்ல" என்பா. அப்போது யாராவது றிமோட்டை எடுத்துக் கூட்டுவோம். 22 இல் இருந்தது 30 ஆகும், பிறகு 40. நாடகம் முடிந்து விளம்பரம் வந்ததும் வீடே அதிரும். அப்பா அறைக்குள் இருந்து கத்துவார். உயர்தரத்துக்குப் படிக்கிற தம்பி புத்தகத்தை அடித்து மூடுவான். திரும்பவும் 22. திரும்பவும் "என்னவாம்?" அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனத்தையும் திருப்பிச் சொல்லுவா. சொல்லி முடியுமுன் அடுத்த இரண்டு வசனம் போய்விடும்.

இது வருசக் கணக்காக நடந்தது. தை மாதத்துக்குப் பிறகு அம்மம்மா "என்னவாம்" என்று கேட்பதை நிறுத்திவிட்டா. கொஞ்ச நாளில் ஹோலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டா. ஏழரை மணிக்கே "எனக்கு நித்திரை வருது" என்று போய்விடுவா. போய்ப் பார்த்தால் நித்திரை இல்லை, பின்விறாந்தையில் லைற்றை நூர்த்துவிட்டு இருப்பா. எங்கட வீட்டில் ஐந்து பேரும் ஓரிடத்தில் இருக்கிறது அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும்தான். அதிலிருந்து ஒரு ஆள் சத்தமில்லாமல் கழன்று போனது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் காதைப் பார்க்க வேண்டும், ஸ்பீக்கர் அதற்குப் பிறகு. போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காதுக் குடுமியை எடுத்துவிட்டு, கண்ணாடி அறைக்குள் இருத்தி ஒரு சோதனை செய்தார்கள். 250 ஹேர்ட்ஸிலிருந்து 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு தொனியாகக் கொடுத்து, கேட்டால் கையை உயர்த்தச் சொல்வார்கள். வந்த கோடு இடப்பக்கம் பரவாயில்லாமல் போய், 2000 தாண்டினதும் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி விழுந்தது. வயது போகும்போது காது இப்படித்தான் போகும். மேல் தொனிகள் முதலில் போகும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன விசயம் போதும். நாங்கள் கதைக்கும்போது உயிரெழுத்துகள்தான் சத்தமானவை. 'ஆ', 'ஓ' எல்லாம் கீழ்த் தொனியில் பலமாக வரும். ப, த, ச, க போன்றவை குட்டிக் குட்டி வெடிப்பும் காற்றும்தான். அவற்றின் பலம் குறைவு, இருக்கும் இடமோ மேலே. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிப்பது அந்தக் குட்டிச் சத்தங்கள்தான். அடி, படி, கடி, தடி, மடி, வடி. முதல் எழுத்தை எடுத்துவிட்டால் எல்லாமே 'அடி'. "அவன் படிச்சவன்" என்பது அம்மம்மாவின் காதில் "அவன் அடிச்சவன்" என்று விழுந்தால் நாடகத்தின் கதையே மாறிவிடும். அப்படி ஒருநாள் மாறியும் இருக்கிறது. ஒரு நல்ல மருமகனை இரண்டு கிழமையாகத் திட்டிக்கொண்டிருந்தா.

ஒலியைக் கூட்டும்போது நடப்பதும் இதனால்தான். கூட்டினால் எல்லாம் சேர்ந்து கூடும். அம்மம்மாவுக்கு ஏற்கனவே நல்லாகக் கேட்கிற 'ஆ'வும் 'ஓ'வும் பின்னணி இசையும் தாங்க முடியாத அளவுக்குப் போகும். கேட்காத 'ப'வும் 'ச'வும் பின்னால் இழுபடும். "கூட்டு" என்கிற அதே ஆள் அடுத்த நிமிசம் "ஏன் இப்பிடிக் கத்துது" என்று கேட்பது குழப்படி இல்லை.

இதில் ரீவியின் பங்கும் பெரிது. எங்களிடம் முந்தி இருந்த 21 அங்குலப் பெட்டி ரீவிக்கு முகத்திலேயே இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருந்தது, எங்களைப் பார்த்துக் கதைக்கும். இப்போதைய ரீவி விரல் தடிப்பு. ஸ்பீக்கர் வைக்க இடமில்லாமல் அடியிலோ பின்னாலோ ஒளித்துவிடுவார்கள். எங்கட ரீவியில் 10 வாட்ஸில் இரண்டு, நிலத்தைப் பார்த்தபடி. சத்தம் கீழே போய், சுவரில் பட்டு, மாபிளில் பட்டு, சுற்றிவிட்டு வரும். ஒரு ஆள் மற்றப் பக்கம் திரும்பி நின்று கதைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அம்மம்மாவுக்கு எது விளங்குகிறது என்று ஒரு கிழமை கவனித்தேன். கோயில் லவுட்ஸ்பீக்கர் விளங்குகிறது! பூ மாதிரி விரிந்த அந்த அலுமினியக் குழாயில், "நாளைக் காலை எட்டு மணிக்கு அபிசேகம்" என்று அரை மைலுக்கு அப்பால் சொன்னது அப்படியே விளங்குகிறது. அவாவின் பழைய றேடியோவும் விளங்குகிறது. 90களில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடு இது. பிபிசி தமிழோசை 2017 இல் வானொலியில் நிற்கும் வரைக்கும் அவா விட்டதில்லை. சிற்றலை இரைச்சலுக்குள்ளும் செய்தி விளங்கியிருக்கிறது. லேண்ட் லைன் காலத்தைப் பற்றிக் கேட்டேன். பழைய தொலைபேசி 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைதான் அனுப்பும். அதற்குள்ளேயே கனடாவோடும் லண்டனோடும் அழுது, சிரித்து, கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள். குழாய், றேடியோ, போன் மூன்றிலும் அடித்தொனி கிட்டத்தட்ட இல்லை. மனுசக் குரலின் நடுப்பகுதியை நேரே எங்கட பக்கம் எறிகிற சாமான்கள் அவை. நான் வாங்க வேண்டியது என்ன என்று எனக்கு அதிலேயே பாதி விளங்கிவிட்டது.

இதோடு ரவுணுக்குப் போனேன். கடையில் ஸ்பீக்கர் பார்க்கிறதுக்கு ஒரு சடங்கு இருக்கிறது. போனதும் ஒரு குத்துப்பாட்டைப் போடுவார்கள். நெஞ்சு அதிரும். "எப்பிடித் தங்கச்சி, தியேட்டர் மாதிரி இல்லையோ?" நான் பென்ரைவ் ஒன்றை நீட்டி, "அண்ணை, இதைப் போடுங்கோ" என்றேன். அதில் மூன்று நிமிசச் செய்தி, ஒரு நாடகத் துண்டு, பிறகு நானே போனில் பதிந்த 20 சொற்கள், அடி படி கடி வகை. முதல் கடையில் அவருக்கு என்னைப் பற்றி ஒரு சந்தேகம் வந்ததை முகத்தில் கண்டேன். ஆனால் நீங்களும் இப்படிச் செய்யுங்கள். பாட்டை வைத்து ஸ்பீக்கர் தெரிவு செய்தால் பாட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும். செய்தி வாசிக்கிறவரின் குரல் வூஃபர் செற்றில் பானைக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. ஆண் குரலின் அடிப்பகுதி 100 ஹேர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. வூஃபர் அதைப் பிடித்து ஊதிப் பெருக்கிவிடும். அம்மம்மாவுக்கு ஏற்கனவே கேட்கிறதை இன்னும் கூட்டுகிற சாமான் அது.

பெட்டியில் '8000 வாட்ஸ்' என்று போட்டிருந்தது. சின்ன எழுத்தில் பக்கத்தில் 'பி.எம்.பி.ஓ.'. அது ஒரு கண்ணிமைப்பு நேரத்துக்கு வரக்கூடிய உச்சம் என்று கணக்குப் பண்ணிப் போடுகிற எண், அதற்கு ஒழுங்கான வரைவிலக்கணமே இல்லை. பெட்டியைத் திருப்பி, கரண்ட் எடுக்கிற அளவு எழுதியிருக்கிற ஸ்ரிக்கரைப் பாருங்கள். இதில் 40 வாட்ஸ். 40 எடுக்கிற சாமான் தொடர்ந்து 8000 கொடுக்குமென்றால் மின்சார சபைக்கே இரண்டு வாங்கிக் கொடுக்கலாம். பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண். அதிலும் பெரிய எண்ணுக்கு மயங்கத் தேவையில்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு ஒரு மெல்லிய வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

5.1 செற்றையும் பார்த்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கரில் நடுவில் இருப்பதற்குத்தான் கதைபேச்சு எல்லாம் போகும், அதை மட்டும் தனியே கூட்டலாம். படம் பார்க்கும்போது இசை காதைப் பிளக்க, கதை கிசுகிசுக்கிற காரணமும் இதுதான்: தியேட்டருக்கு ஐந்தாறு வழியில் பிரித்துச் செய்த ஒலியை எங்கட ரீவி இரண்டுக்குள் அடைக்கிறது. (கிறிஸ்ரோபர் நோலனின் 'டெனெற்' படத்தில் தியேட்டரிலேயே கதை விளங்கவில்லை என்று உலகமே முறைப்பாடு வைத்தது. ஆகவே எல்லாப் பழியையும் ரீவியில் போடக் கூடாது.) ஆனால் எங்கட வீட்டில் வருவது இரண்டு வழி ஒலிதான். ஹோல் 18 அடி, 12 அடி. ஐந்து பெட்டிக்கும் வயர் இழுத்தால் அம்மம்மா தடுக்கி விழுவா. விட்டேன்.

மாமா கனடா போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய ஸ்ரீரியோ செற் ஒன்று பரணில் இருந்தது. எனக்கு உண்மையில் அதில்தான் ஆசை. பலகைப் பெட்டி, முகத்தைப் பார்த்துக் கதைக்கிற ஸ்பீக்கர். இறக்கித் தூசு தட்டினால், கூம்பைச் சுற்றி இருக்கிற ஸ்பொஞ்ச் வளையம் தொட்டதும் உதிர்ந்தது. வளையம் மாற்றலாம், செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு றிமோட் இல்லை. சத்தம் கூட்ட எழும்பிப் போக வேண்டும். முழங்கால் வருத்தக்காரிக்கு அது தண்டனை.

றிமோட் விசயத்தை எல்லா யூரியூப் விமர்சனங்களும் கடைசி வரியில் சொல்லிவிட்டுப் போகும். எனக்கு அதுதான் முதல் வரி. இரண்டு றிமோட் என்றால் அம்மம்மா ஒன்றையும் தொடமாட்டா, யாராவது வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பா. தான் நினைத்த நேரம் போட்டு, தான் நினைத்த அளவுக்கு வைக்க முடியாவிட்டால் அது அவாவின் ரீவி இல்லை. உங்கட ரீவியின் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. ஓட்டைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2009 இல் வந்த விசயம், ஓரளவு புது ரீவி எல்லாவற்றிலும் இருக்கும். அதில் ஒரு வயரால் சவுண்ட்பாரைக் கொழுவினால், ரீவி போடும்போது அதுவும் போடுபடும், ரீவி றிமோட்டிலேயே சத்தம் கூடும் குறையும். ஒப்டிக்கல் வயரில் ஒலி நல்லாகத்தான் வரும், ஆனால் பெரும்பாலும் றிமோட் இரண்டாகிவிடும்.

புளூரூத் ஸ்பீக்கர் ஒன்றை அம்மம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று தம்பி கேட்டான். கெட்டிக்காரக் கேள்வி. கிட்ட இருக்கிற சின்ன ஸ்பீக்கர் தூர இருக்கிற பெரிய ஸ்பீக்கரை வெல்லும். அவனுடையதையே வைத்துப் பார்த்தோம். வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். புளூரூத்தில் ஒலி பிந்தித்தான் வரும். 125 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தினால் மனுசருக்குத் தெரியத் தொடங்கும் என்று ஒளிபரப்புக்காரர் கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கண்ணைக் குத்துகிற தொந்தரவு மட்டும்தான். அம்மம்மாவுக்கு அதைவிட மோசம், ஏனென்றால் அவா பாதிக் கதையை வாயைப் பார்த்துத்தான் பிடிக்கிறா. கேட்காத 'ப'வை உதடு மூடுவதில் பார்க்கிறா. வாய் பொருந்தாவிட்டால் அந்த உதவியும் போய்விடும்.

கடைசியில் வாங்கினது வூஃபர் இல்லாத ஒரு சாதாரண சவுண்ட்பார். ஒரு முழத்தை விடக் கொஞ்சம் நீளம், முன்பக்கம் பார்த்த ஸ்பீக்கர்கள், ஏ.ஆர்.சி., 'வொய்ஸ்' என்று ஒரு முறை. 27,500 ரூபா. சேர்த்து வைத்த மகாபொலக் காசு 12,000, மிச்சம் அம்மாவின் சீட்டுக் காசு. வூஃபரோடு இன்னும் 9,000 கூடக் கொடுத்தால் கிடைக்கிற ஒன்றைக் காட்டி, தம்பி கடை வாசலிலேயே சண்டை பிடித்தான். கிரிக்கெற், படம், கேம் எல்லாம் சொன்னான். அவன் சொன்னதிலும் பிழையில்லை, அவனும் இந்த வீட்டு ஆள்தானே. ஆனால் அவனுக்கு ஹெட்செற் இருக்கிறது, போன் இருக்கிறது, சிநேகிதர் வீடு இருக்கிறது. அவாவுக்கு இந்த ஹோல் மட்டும்தான். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

கொண்டுவந்து கொழுவினதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வெறுஞ்சுவர், மாபிள் நிலம், திரைச்சீலை இல்லாத யன்னல். ஹோலின் நடுவில் நின்று கை தட்டினால் 'டங்' என்று ஒரு வால் இழுபடும். அந்த வால் ஒவ்வொரு சொல்லின் மேலும் விழுகிறது. பழைய கட்டில் விரிப்புகளை யன்னலுக்குத் தடித்த திரையாக அம்மா தைத்தா, ரீவிக்கும் கதிரைக்கும் நடுவில் ஒரு கம்பளம் போட்டோம். சவுண்ட்பாரை அலுமாரித் தட்டின் உள்ளுக்குத் தள்ளாமல் விளிம்போடு வைத்தோம். 'பாஸ்' மைனஸ் நாலு, 'ட்ரெபிள்' பிளஸ் மூன்று, 'வொய்ஸ்' எப்போதும் போட்டபடி.

அடுத்தது கதிரை. 14 அடி தள்ளி, வாசலோடு இருந்தது. ஏழு அடிக்குக் கொண்டுவந்தால் ஸ்பீக்கரில் இருந்து நேரே வருகிற ஒலி 6 டெசிபல் கூடும், அதாவது நாலு மடங்கு வாட்ஸ் வாங்கின மாதிரி, ஒரு சதம் செலவில்லாமல். அம்மம்மா மறுத்துவிட்டா. வாசலில்தான் காற்று வருமாம், ஒழுங்கையால் யார் போறது என்றும் தெரியுமாம். ஸ்ராண்ட் ஃபானைப் பக்கத்தில் வைத்தால் அதன் 'ஸ்ஸ்' சத்தம் சரியாக அந்தக் குட்டி எழுத்துகளின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். கடைசியில் எட்டு அடியில் ஒப்பந்தம். கதிரை கொஞ்சம் சரிந்து, ஒரு கண் வாசலுக்கு, மேல் ஃபான் இரண்டில்.

சொற் பட்டியலை வீட்டிலும் போட்டுப் பார்த்தேன். பழைய நிலைமையில், ரீவியிலிருந்தே, 20 இல் 9 சொல்லை அம்மம்மா சரியாகத் திருப்பிச் சொன்னா. சவுண்ட்பாரும் திரையும் கதிரையும் மாறின பிறகு 15. ஒலி 22 தான், கூட்டவில்லை. முதல் கிழமை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கிழமை நாடகம் நடுவில், "இவள் என்ன, இவ்வளவு நாளும் இந்த மொக்குக் கதையையோ கதைச்சுக்கொண்டிருந்தவள்?" என்று கேட்டா. இப்போது நாடகத்தை விட்டுவிட்டுச் செய்தியும், ஞாயிறில் பட்டிமன்றமும் பார்க்கிறா. பட்டிமன்றத்தில் பேச்சாளருக்கு முந்திச் சிரிக்கிறா. அம்மாவுக்கு நாடகம் போய்விட்டது, அது வேறு பிரச்சினை.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில துண்டு விசயம். காசு செலவழிக்க முதல், ரீவியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். சிலதில் 'கிளியர் வொய்ஸ்' இருக்கும், சிலதில் சும்மா 'நியூஸ்' என்று இருக்கும். 'சரவுண்ட்' போட்டிருந்தால் நிற்பாட்டுங்கள். பிளக் உருண்டைப் பின்னா சதுரப் பின்னா என்று கடையிலேயே பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது ரீவி வயரோடு சவுண்ட்பார் பிளக்கையும் கழற்றுங்கள், எச்.டி.எம்.ஐ. வயரால் ஒன்றின் அடி மற்றதுக்கும் போகும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் அம்மம்மாவுக்கு இன்னும் விளங்காது. மழை பெய்து சீற்றில் அடித்தால் யாருக்குமே விளங்காது. ஸ்பீக்கர் ரீவிக்கு மட்டும்தான், நாங்கள் கதைப்பதற்கு இல்லை. கிளினிக்கில் காதுக் கருவி பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "அதைக் கொழுவினா என்னைக் கிழவி எண்டெல்லோ சொல்லுவினம்" என்கிறா. 79 வயதில்! வாற மாதம் திரும்பவும் கிளினிக் திகதி இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இரண்டு விரிவுரை. வரவுக்கு வேறு யாரையும் கையெழுத்து வைக்கச் சொல்லாமல், லீவுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.